எஸ்தர் அக்கா முடிக்காத படங்கள்

கவிதா என்னோடு சில படங்களில் வேலை செய்தவள். இப்போது சென்னையில் நல்ல பெயரெடுத்த ஒலிப்பதிவாளர். சில வாரங்களுக்கு முன் அவள் என் செல்போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். யாரோ ஓர் இளைஞர், டைரக்டர் எஸ்தரைப் பற்றிப் பேசுகிறார். ஒரே ஒரு படம் எடுத்தாராம், அதற்குப் பெரிய விருது வந்ததாம், புகழ் தலைக்கேறி அதோடு முடிந்துபோனாராம். முடிக்கத் தெரியாத டைரக்டர் என்று பெயரும் வைத்திருக்கிறார். கீழே பலர் ஆமாம் போட்டிருக்கிறார்கள்.

"நீங்கதான் சார் எல்லாப் படத்துலயும் கூட இருந்தவர். அவங்க ஏன் முடிக்கலன்னு நீங்களாவது எழுதக் கூடாதா?" என்று கவிதா கேட்டிருந்தாள்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. முப்பது வருடத்துக்கு மேல் காதை வைத்துத்தான் பிழைத்தேன். வலது காதில் மெல்லிய சத்தங்கள் விழுவது நின்றதும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் மூன்று நான்கு பேர்தான். அதில் நான் ஒருவன்.

ஆம்பூர் பஜாரில் டேப் ரெக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். ஒருநாள் கட்டம்போட்ட காட்டன் புடவையில் ஒரு பெண் வந்து, தோளில் மாட்டுகிற ஒரு ரெக்கார்டரை மேசைமேல் வைத்தார். டேப் உரசுகிற தலைப்பகுதியில் அழுக்கு சேர்ந்திருந்தது. துடைத்துவிட்டு, சரியாக ஓடுகிறதா என்று பார்க்க உள்ளே இருந்த டேப்பையே போட்டேன். தோல் பதனிடும் டேனரியின் பெரிய மர டிரம்கள் உருளும் சத்தம். கேட்டுக்கொண்டே, "இதுல ஒரு டிரம்முக்கு பேரிங் போய்டுச்சு போலிருக்கு" என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். சுற்றுக்கு ஒரு தடவை சத்தம் இழுக்கிறது என்றேன். அவர் மறுபடி போடச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, "நாளைக்குக் காலையில என்கூட வர முடியுமா?" என்றார்.

அப்படித்தான் சேர்ந்தேன். சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் சில மாதம் வயர் சுற்றினேன், மைக் பிடித்தேன், திட்டு வாங்கினேன். என் படிப்பு அவ்வளவுதான். மற்றதெல்லாம் எஸ்தர் அக்காவோடு நடந்து கற்றது.

அவருடைய அப்பா பேர்ணாம்பட்டில் டேனரித் தொழிலாளி. மகளைப் படிக்கவைத்தார். மகள் சென்னைக்குப் போய் சினிமா படித்துவிட்டு, எல்லோரும் அங்கேயே தங்கிவிட்டபோது இங்கே திரும்பி வந்தார். உரக்கப் பேச மாட்டார். படப்பிடிப்பில் ஸ்டார்ட், ஆக்‌ஷன் என்ற வார்த்தைகளே கிடையாது. ஒரு வீட்டுக்கோ தொழிற்சாலைக்கோ முதல் நாள் வெறுங்கையோடு போவோம். இரண்டாம் நாள் நான் மட்டும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு மூலையில் உட்காருவேன். எந்த நேரத்தில் எந்த மெஷின் ஓடுகிறது, எந்தப் பக்கத்திலிருந்து பஸ் சத்தம் வருகிறது என்று நோட்டில் குறிப்பேன். மூன்றாம் நாள்தான் கேமரா. அக்கா தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். எப்போது பேச்சு விஷயத்துக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. முதல் வார்த்தையிலிருந்தே நான் பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு வேலை உண்டு. அந்த இடத்தின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். வெட்டி ஒட்டும்போது இடைவெளியில் நிரப்ப அது தேவை. எல்லா ஒலிப்பதிவாளர்களும் செய்கிற வேலைதான். மற்ற டைரக்டர்கள் அந்த ஒரு நிமிடத்தில் செல்போனைப் பார்ப்பார்கள், வாட்சைப் பார்ப்பார்கள். எஸ்தர் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டி, தலை குனிந்து நிற்பார். சர்ச்சில் நிற்கிற மாதிரி. அவர் அப்படி நிற்பதைப் பார்த்து அந்த வீட்டுக்காரர்களும் எழுந்து நிற்பார்கள்.

முதல் படம் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர்களைப் பற்றியது. தோலில் இருக்கும் முடி உதிர அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். வெறுங்கையோடு அதில் இறங்கி வேலை பார்த்தவர் கோவிந்தன் பெரியவர். அக்காவின் அப்பாவோடு ஒன்றாக வேலை செய்தவர். அவருடைய கையை நாங்கள் படம் பிடித்தோம். தோலெல்லாம் வெந்து உரிந்து, ரேகையே இல்லாத கை. அந்தக் கைதான் போஸ்டரில் வந்தது. படத்துக்கு தில்லியில் விருது கிடைத்தது. ஊரில் பிளெக்ஸ் பேனர் கட்டினார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எஸ்தர் அக்காவின் முகம், ஒரு மாடி உயரத்துக்கு. எந்தக் கட்சிக்காரர் என்றே தெரியாதவர்கள் எல்லாம் சால்வையோடு வந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அக்கா விருதை எடுத்துக்கொண்டு நேராகப் பெரியவர் வீட்டுக்குப் போனார். நானும் போனேன். அவர் விருதுச் செய்தி வந்த பேப்பரை மடித்துப் பத்திரமாக வைத்திருந்தார். சந்தோஷமாகத்தான் விரித்துக் காட்டினார்.

"இன்னாம்மா, உன் மூஞ்சி இவ்ளோ பெருசா வந்திருக்கு. என் கை மட்டும்தான் வந்திருக்கு. யாரு கைன்னு கூடப் போடல," என்று சிரித்தார்.

குத்திக்காட்டுகிற சிரிப்பு இல்லை. அவருக்கு உண்மையிலேயே வேடிக்கையாக இருந்தது. அக்காவும் சிரித்தார். வெளியே வந்து பைக்கில் ஏறும்போது பார்த்தேன், முகம் வெளிறிப்போயிருந்தது. அதற்குப் பிறகு அந்த பேனரை எடுக்கும் வரை அவர் பஸ் ஸ்டாண்டு வழியாகப் போகவே இல்லை. ரயில்வே கேட் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவார்.

அன்றிலிருந்து புதிதாக ஒரு விதி வந்தது. படத்தில் வருகிறவர் முதலில் படத்தைப் பார்க்க வேண்டும். அவர் சரி என்ற பிறகுதான் வேறு யாருக்கும் காட்டுவது.

அந்த விதியால் அடுத்த படம் நின்றது. ஒடுகத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடிகாலையில் கம்பெனி பஸ்ஸில் ஆம்பூருக்கு ஷூ தைக்க வருகிற பெண்களைப் பற்றி எடுத்தோம். ஒன்றரை வருட உழைப்பு. எடுத்த வரைக்கும் போட்டுக் காட்டினோம். அக்காவின் பெயர் தெரிந்துவிட்டதால் பஸ்ஸில் எல்லோரும் பூ வைத்துக்கொண்டு, புதுச் சுடிதார் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பார்த்த பெண்களே சொல்லிவிட்டார்கள், நாங்க தினமும் இப்படி இல்ல, தூங்கி வழிஞ்சுகினு வருவோம் என்று. உங்களுக்காகத்தான் முழிச்சிருந்தோம் என்றார்கள். அக்கா அவர்களுக்கு நன்றி சொல்லி, டேப்புகளைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டார்.

அதற்கடுத்தது பாலாற்றுப் படம். ஆற்றில் தண்ணீர் வரும்போது முடிப்பதாகத் திட்டம். வருடக்கணக்கில் மணலைத்தான் எடுத்தோம். ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் வருகிறது என்று தகவல் வந்தபோது கேமராக்காரர் பெங்களூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். அக்காவும் நானும் மைக்கை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினோம். பாலத்தில் ஜனங்கள் நெருக்கியடித்து நின்றார்கள். சிலர் கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். யாரும் பேசவில்லை. தண்ணீரைப் பார்ப்பதற்கு முன்னால் எனக்கு அது கேட்டது. வெள்ளத்தின் முன்விளிம்பு குப்பையையும் காய்ந்த முள்ளையும் தள்ளிக்கொண்டு சடசடவென்று வந்தது. அதற்குக் கீழே இன்னொரு சத்தம். இத்தனை வருடம் காய்ந்திருந்த மணல் தண்ணீரைக் குடிக்கும் சத்தம். லட்சம் பேர் மெதுவாக மூச்சு இழுப்பதுபோல. ஹெட்போனைக் கழற்றி அக்காவின் காதில் வைத்தேன். அவர் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, வெகுநேரம் நின்றிருந்தார். அதற்கு ஏற்ற காட்சி எங்களிடம் இல்லை. அந்தப் படமும் முடியவில்லை. அந்தச் சத்தம் மட்டும் என்னிடம் இருக்கிறது.

இந்த இரண்டையும் நான் ஏற்றுக்கொண்டேன். மூன்றாவதை அவ்வளவு எளிதாக ஏற்க முடியவில்லை.

குடியாத்தத்தில் விசைத்தறிகள் நிறைந்த ஒரு தெருவில் ராணி என்ற பெண் இருந்தார். தறிக்கு நூல் சுற்றுகிற வேலை. கணவர் சேகர் தினக்கூலி. ஒரு டேனரியில் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர் விஷவாயு தாக்கி இறந்துபோனார். இப்படி இறந்தவர்களின் குடும்பங்களைப் பற்றி அக்கா படம் எடுக்கத் தொடங்கியிருந்தார்.

ராணியின் வீட்டில் மூன்று முறை முயற்சி செய்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் தறி. கதவை மூடினேன், போர்வையைத் தொங்கவிட்டேன், மைக்கை அவர் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. ராணி தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகியவர். கத்திக்கொண்டு துக்கத்தைச் சொல்ல முடியாது அல்லவா? மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் வந்தது.

நான்காவது முறை, ஒரு மத்தியானம், அக்காவும் அவரும் மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. தெருவிலிருந்த தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. அப்படி ஓர் அமைதியை அந்தத் தெருவில் நான் அதுவரை கேட்டதில்லை. ராணி தலையைத் தூக்கிப் பார்த்தார். அவருடைய குரல் தானாகத் தாழ்ந்தது.

"அன்னிக்குக் காலையில எனக்கும் அவருக்கும் சண்டை. சோறு கட்டிக் குடுக்கல நான். வெறும் வயித்தோட போனாரு," என்றார்.

அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. தொட்டியிலிருந்து தூக்கியபோது சட்டைப் பட்டன் எப்படி இருந்தது, ஆஸ்பத்திரியில் யார் என்ன கேட்டார்கள், பள்ளியிலிருந்து வந்த மகள் கீதாவிடம் என்ன சொன்னார், எல்லாம். ஒரு கேள்விகூட அக்கா கேட்கவில்லை. கரண்ட் திரும்பி வரும் வரை, ஏறக்குறைய பதினோரு நிமிடம். நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் செய்த பதிவுகளில் அதற்கு இணையாக ஒன்று இல்லை.

படத்தைப் பற்றி எழுதி அனுப்பியதை வைத்தே வெளிநாட்டு விழா ஒன்று அதைத் தேர்வு செய்துவிட்டதாகக் கடிதம் அனுப்பியது. பத்திரிகைகளிலிருந்து போன் வரத் தொடங்கியது. அக்கா எதற்கும் பதில் சொல்லாமல் ராணியை ஆம்பூருக்கு அழைத்துவந்து தன் வீட்டில் படத்தைப் போட்டுக் காட்டினார். ராணி முழுவதையும் பார்த்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"எல்லாம் இருக்கட்டும்க்கா. அந்தச் சோத்துப் பேச்ச மட்டும் எடுத்துடுங்க. கீதா இப்ப சின்னப் பொண்ணு. நாளைக்கு அவ காதுல விழுந்தா, அப்பாவ நான் பட்டினியா அனுப்பினேன்னு தெரிஞ்சுடும்," என்றார்.

எனக்குப் பெரிய நிம்மதி. அந்த வாக்கியத்தை எடுப்பது என் வேலை. மூன்று நாள் உட்கார்ந்தேன். அவர் மூச்சை இழுக்கும் இடத்தில் வெட்டினேன், கரண்ட் போயிருந்த அந்த நேரத்தின் வெறும் சத்தத்தை அடியில் பரப்பினேன், மிளகாய் கிள்ளும் சத்தத்தை ஒரு நூல் அளவு நகர்த்தினேன். வெட்டிய இடம் எனக்கே தெரியவில்லை. காட்டினேன். அக்கா மூன்று முறை கேட்டார்.

"நல்லா பண்ணியிருக்க தாமு. எங்க வெட்டினன்னு என்னாலயே கண்டுபிடிக்க முடியல," என்றார். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "ஆனா இது ராணி இல்ல. ஒரு தப்பும் பண்ணாத பொம்பள. இவளப் பாத்து எல்லாரும் அழுவாங்க. அழுதுட்டு எனக்கு மாலை போடுவாங்க," என்றார்.

நான் கோபப்பட்டேன். அவரிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு முறைதான். ராணியே சம்மதித்துவிட்டாரே என்றேன். எத்தனை பேர் இன்னும் அந்தத் தொட்டிகளில் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களைவிட உங்கள் மனச்சாட்சி பெரிதா என்றும் கேட்டேன். அவர் திருப்பிச் சண்டை போடவில்லை. ராணி கேட்டது நியாயம், அதனால் அந்த வரியோடு காட்ட முடியாது. அந்த வரி இல்லாமல் காட்டத் தன்னால் முடியாது என்று மட்டும் சொன்னார். படம் இன்னும் முடியவில்லை என்று விழாவுக்கு எழுதி அனுப்பினார். திமிர் என்று பத்திரிகையில் வந்தது. நானும் மனதுக்குள் அதையேதான் சொன்னேன்.

அடுத்த மழைக்காலத்தில் வேறு ஓர் ஊரில் இன்னொரு தொட்டியில் ஒருவர் இறந்தார். பேப்பரைக் கொண்டுபோய் அக்காவின் முன்னால் வைத்தேன். படித்தார். மடித்து வைத்தார். "தெரியும் தாமு," என்றார். நான் வேறு படங்களுக்கு வேலை செய்யப் போய்விட்டேன். எப்போதாவது பார்ப்போம். அவர் செய்தது சரிதானா என்று கேட்டால் இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஒன்று மட்டும் வெகுநாள் கழித்துத் தெரிந்தது. சேகர் இறந்த வழக்கு வேலூரில் வருடக்கணக்காக நடந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் எஸ்தர் அக்கா ராணியோடு பஸ்ஸில் போயிருக்கிறார். கேமரா இல்லை, நோட்டு இல்லை. கோர்ட்டு வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாராம். மற்றக் குடும்பங்களின் மனுக்களையும் அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. ராணி சொல்லித்தான் தெரியும். கேட்டபோது என்னால் ராணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அக்கா அந்தப் படத்தைக் கைவிட்டுவிட்டதாக அத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்து வீட்டுக்கு வரச் சொன்னார். ராணி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கீதா. நர்சிங் முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்தப் படத்தை மகளுக்குக் காட்ட வேண்டும் என்றார் ராணி. எந்த வடிவம் என்று நான் கேட்டேன்.

"முழுசா இருக்கறது. இத்தன வருஷமா சொல்லணும்னு பாக்கறேன், வாய் வரல. அதுலயே கேட்டுக்கட்டும்," என்றார்.

நான்தான் போட்டேன். அந்த வரி வரும் நேரம் எனக்குத் தெரியும். ராணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். வரி வந்தது, போனது. படம் ஓடி முடிந்த பிறகுதான் கீதா அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அப்பா அன்னிக்கு வெறும் வயித்தோட போகல. ஸ்கூலுக்கு விடப் போறப்ப தெருமுனை டீக்கடையில என்னை உக்காரவெச்சு எனக்கு ஒரு பன்னு வாங்கிக் குடுத்தாரு. அவரும் ரெண்டு சாப்ட்டாரு. அம்மா கோவமா இருக்கா, சாயந்திரம் பூ வாங்கிகினு போலாம்னு சொன்னாரு. அப்பா செத்ததுக்கு அப்புறம் உங்கிட்ட சொன்னா நீ ஜாஸ்தி அழுவியோன்னு சொல்லல," என்றாள்.

ராணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே காலையை ஆளுக்குப் பாதியாக, ஒருவருக்கொருவர் தெரியாமல், இத்தனை வருடம் சுமந்திருக்கிறார்கள். எஸ்தர் அக்கா செருப்பில்லாத காலோடு சுவரோரம் நின்றிருந்தார். நான் அவ்வளவு திறமையாக வெட்டியெறிந்த வரி அது.

ராணியே பிறகு சொன்னார், இனி யாருக்கு வேண்டுமானாலும் காட்டுங்கள் என்று. கீதா சொன்னதையும் எடுத்துச் சேர்த்தால் படம் முடிந்துவிடும் என்றேன் நான். அக்கா கீதாவைக் கேட்டார். கேமராவுக்கு முன்னால் வேண்டாம், ஆனால் ஜனங்கள் முன்னால் நானே நின்று சொல்கிறேன் என்றாள் அவள். அக்காவுக்கு அது போதுமானதாக இருந்தது.

குடியாத்தத்தில் அவர்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கல்யாண மண்டபம். விடுமுறை நாள், மத்தியானம். தறிக்காரர்கள், டேனரியில் வேலை செய்கிறவர்கள், தொட்டியில் இறங்குகிறவர்கள், அவர்களுடைய மனைவிகள். வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தைப் போட்டோம். ஆரம்பத்தில் பெயர் எதுவும் வராது, கடைசியிலும் வராது. ராணியின் பேச்சோடு சட்டென்று நிற்கும். நின்றது. யாரும் கை தட்டவில்லை. கீதா எழுந்து முன்னால் போய் நின்று, பன்னு வாங்கிக் கொடுத்த கதையைச் சொன்னாள்.

தொட்டி வேலைக்குப் போகிற ஒருவர் எழுந்தார். உள்ளே இறங்குவதற்கு முன் எதைக் கேட்க வேண்டும், யாரிடம் எழுதி வாங்க வேண்டும் என்று ராணியிடம் கேட்டார். ராணி பதில் சொன்னார். எழுந்து கேட்டவரின் மனைவி இன்னொன்று கேட்டார். பிறகு நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ராணியையும் கீதாவையும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். பேச்சு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. இந்தப் படத்தை எடுத்தது யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

எஸ்தர் அக்கா கடைசி வரிசையில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். தட்டில் சுண்டல் கொண்டுவந்த ஓர் அம்மா அவருக்கும் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"இன்னாம்மா, நீ ராணிக்குச் சொந்தமா? இந்தப் பக்கம் பாத்ததில்லயே."

"தெரிஞ்சவங்கம்மா. பேர்ணாம்பட்டு," என்றார் அக்கா.

"அப்படியா. கொஞ்சம் தள்ளி உக்காரு, எனக்கும் கால் வலிக்குது," என்று அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கா நகர்ந்து இடம் கொடுத்தார். இருவரும் சுண்டலைத் தின்றுகொண்டே ராணி பேசுவதைக் கேட்டார்கள். விருது வாங்கிய நாளில்கூட அந்த முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் பார்த்ததில்லை.